காற்றுக் காலத்தில் நெடுந்தீவின் கர்ப்பவதிகளும் கைக்குழந்தைகளும்: முற்காப்புச் சேவையை எவ்வாறு தவறாமல் நடத்துவது?

பூவரசு:

அனைவருக்கும் வணக்கம். நான் நெடுந்தீவில் ஒரு மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் செயலாளராக இருக்கிறேன். சுகாதாரத் துறையைச் சேர்ந்தவள் அல்லள். எமது தீவை அறியாதவர்களுக்காக ஒரு குறிப்பு: யாழ்ப்பாணத்திலிருந்து வேலணை, புங்குடுதீவு வழியாகத் தரைவழியே குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வந்து, அங்கிருந்து ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் கடலில் பயணம் செய்துதான் தீவுக்கு வர வேண்டும். குமுதினிப் படகோ வடதாரகைப் படகோ ஒழுங்காக ஓடும் நாள்களில் இது பெரிய சிரமமில்லை. ஆனால் சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று ஓங்கும் மாதங்களிலும், ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை மழையும் வாடைக்காற்றும் சேர்ந்து வரும் காலத்திலும், சில நாள்களில் படகுச் சேவை அடியோடு நின்றுவிடுகிறது.

தீவில் பிரதேச வைத்தியசாலை இருக்கிறது, கிளினிக் நடக்கிறது, குடும்பநல உத்தியோகத்தர் (அரச மருத்துவிச்சி) வீடு வீடாக வந்து பார்க்கிறார். ஆயினும் மகப்பேற்று நிபுணரைக் காண்பதற்கும் சத்திரசிகிச்சைக்கும் கடலைத் தாண்டியே ஆக வேண்டும். இரவில் வலி கண்டு மீன்பிடிப் படகில் கொண்டுபோன கதை இங்கே அநேகமாக ஒவ்வொரு குடும்பத்திலும் உண்டு. கடற்படைப் படகும் விமானப்படை உலங்குவானூர்தியும் வந்து உயிர் காத்த சந்தர்ப்பங்களும் உண்டு. அதற்கு நாங்கள் நன்றியுடையவர்கள். நான் கேட்பது அந்த அவசர நிலைக்கு முந்திய மாதங்களைப் பற்றி. அந்த மாதங்களில் செய்யவேண்டியவை ஒழுங்காகச் செய்யப்பட்டால் இரவுப் பயணங்களிற் பல தேவைப்படாமற் போகும் என்று நம்புகிறேன்.

கர்ப்பகாலப் பரிசோதனைகள் காற்றினால் தள்ளிப்போகாமல் இருக்க என்ன செய்யலாம்? பிரசவத்துக்கு எத்தனை நாள் முன்னதாக ஒரு தாயைத் தரைப்பகுதிக்கு அனுப்புவது பொருத்தம்? குழந்தைகளின் தடுப்பூசி தவறாமல் இருக்க வழி என்ன? எல்லாவற்றுக்கும் மேலாக, உத்தியோகத்தரின் கடமையில் குறுக்கிடாமல் எங்களைப் போன்ற ஒரு சங்கம் எதைச் செய்யலாம்? அனுபவமுள்ளவர்கள் விரிவாக எழுதினால் எங்கள் அடுத்த கூட்டத்தில் வாசித்துக் காட்டுவேன்.

வேம்படி:

தங்கச்சி, தீவகத்திலும் பின்னர் வலிகாமத்திலும் குடும்பநல உத்தியோகத்தராக நீண்ட காலம் கடமையாற்றி ஓய்வு பெற்றவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதல் வேலை பதிவு. கர்ப்பம் தரித்த சந்தேகம் வந்தவுடன், 8 வாரங்களுக்குள், குடும்பநல உத்தியோகத்தரிடம் பதிய வேண்டும் என்பதே நாடு முழுவதற்குமான அறிவுறுத்தல். தரைப்பகுதியில் கொஞ்சம் பிந்திப் பதிந்தாலும் ஏதோ ஒரு வகையில் சமாளித்துக்கொள்ளலாம். தீவில் அது முடியாது, ஏனென்றால் அங்கே எல்லாத் திட்டமும் பிரசவத் திகதியில் தங்கியிருக்கிறது. கடைசி மாதவிடாய்த் திகதி ஞாபகமில்லாத தாய்க்கு முதல் மூன்று மாதத்துக்குள் எடுக்கும் ஸ்கான்தான் அந்தத் திகதியை நம்பிக்கையாகச் சொல்லும். கடைசி மாதங்களில் எடுத்தால் இரண்டு மூன்று வாரம் முன்பின்னாகக் காட்டும். இரண்டு வாரம் பிழைத்த திகதியை நம்பி வீட்டில் இருக்கும் பெண்ணுக்குப் படகு ஓடாத நாளில் வலி வந்துவிடக் கூடும்.

பதிந்த அன்றே சுவர் நாட்காட்டியை எடுத்து வைத்துக் காற்றோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள். தைப்பொங்கலை அண்டிக் கடைசி மாதவிடாய் கண்ட ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். அவளுடைய 20ஆம் வாரமும் 28ஆம் வாரமும் சோளகத்துக்குள் அகப்படும். பிரசவத் திகதி ஐப்பசி மழைக்குள் வந்து விழும். சோளகம் தணிந்து வாடை தொடங்குவதற்கு முன், புரட்டாதியில், அவளுக்கு 36ஆம் வாரம் வருகிறது. அவளைக் கடல் தாண்டி அனுப்புவதற்கு உகந்த காலம் அதுதான் என்பது நாட்காட்டியைப் பார்த்தவுடனேயே தெரிந்துவிடும். வேறு மாதத்தில் கருத்தரித்தவளுக்குக் கணக்கு வேறு. இதை ஒவ்வொரு தாய்க்கும் தனித்தனியே, அவளும் கணவனும் மாமியாரும் இருக்கும்போது, அவர்கள் கண்முன்னாலேயே குறித்துக் கொடுக்க வேண்டும்.

நீரிழிவுப் பரிசோதனையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 24க்கும் 28க்கும் இடைப்பட்ட வாரங்களில், வெறும் வயிற்றில் 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, இரண்டு மணித்தியாலம் வரை இருத்திக் குருதி எடுப்பார்கள். இரவு சாப்பிட்டதோடு வேறெதுவும் உண்ணாமல் விடியப் படகேறி, கடலாட்டத்தில் வாந்தி எடுத்து, குறிகட்டுவானில் பஸ்ஸுக்குக் காத்து நின்று போய்ச் சேர்கிற தாய்க்கு அந்த இனிப்பு நீர் வயிற்றில் நிற்காது. குடித்த சிறிது நேரத்தில் வாந்தி எடுத்தால் அன்றைய பரிசோதனை அவ்வளவுதான். இன்னொரு நாள் திரும்ப வரவேண்டும், வராமல் விடுகிறவர்களும் உண்டு. ஆகவே, தீவிலேயே அதைச் செய்ய ஒழுங்கு உண்டா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால், முதல் நாளே தரைப்பகுதியில் உறவினர் வீட்டில் தங்கவைத்துக் காலையில் அனுப்புங்கள். எந்தத் தாய்க்கு எந்த வீடு என்ற பட்டியலைத் தயாரிப்பது சங்கம் செய்யக்கூடிய வேலை.

குருதி வகையையும் எல்லாத் தாய்மாரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஆர்எச் எதிர் (நெகட்டிவ்) வகையுள்ள தாய்க்கு ஆர்எச் நேர் (பொசிட்டிவ்) வகைக் குழந்தை பிறந்தால் 72 மணித்தியாலங்களுக்குள் ஓர் ஊசி போடப்பட வேண்டும். கரு கலைந்தாலோ இடையில் குருதி பட்டாலோகூட அது தேவைப்படலாம். மூன்று நாள் படகு ஓடாவிட்டால் அந்த நேரம் கடந்துவிடும், பாதிப்பு அடுத்த கர்ப்பத்தில்தான் தெரியவரும். இத்தகைய தாய்க்கு இலேசான குருதிப்போக்கு என்றாலும் அன்றைக்கே சொல்ல வேண்டும் என்பதை வீட்டார் அறிந்திருக்க வேண்டும்.

பிரசவத்துக்குப் பின் பல தாய்மார் உடனே தீவுக்குத் திரும்புவதில்லை. யாழ்ப்பாணத்திலோ வேலணையிலோ உறவினர் வீட்டில் சில வாரம் தங்குகிறார்கள். முதல் 10 நாள்களுக்குள் குடும்பநல உத்தியோகத்தர் இருமுறை வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். தாய்க்குக் காய்ச்சல் இருக்கிறதா, தொப்புள் காய்ந்திருக்கிறதா, பால் இறங்குகிறதா, குழந்தைக்கு மஞ்சள் காமாலை கூடுகிறதா என்பதெல்லாம் அந்த நாள்களிற்தான் தெரியும். தீவு உத்தியோகத்தர் தாய் தரைப்பகுதியில் இருப்பதாக நினைப்பார். தரைப்பகுதி உத்தியோகத்தருக்கோ அப்படியொரு தாய் தன் பிரிவில் தங்கியிருப்பதே தெரியாது. இருவர் கையிலும் அகப்படாமற் போகும் இந்த நாள்களைப் பற்றித்தான் எனக்கு எப்போதும் கவலை. போய்த் தங்கப்போகும் வீட்டு விலாசத்தை முன்கூட்டியே கொடுத்தால், தீவு உத்தியோகத்தர் மற்றப் பிரிவுக்கு அறிவித்துவிடுவார்.

கடைசியாக ஒன்று. சங்கம் உதவட்டும், ஆனால் யார் கர்ப்பமாக இருக்கிறார், யாருக்கு என்ன நோய் என்பதெல்லாம் கூட்டத்தில் பேசும் விடயங்கள் அல்ல. தாய் சம்மதித்தவற்றை மட்டும், பொறுப்பான ஒருவர் மாத்திரம் அறிந்திருப்பது நல்லது. திருமணமாகாத பெண்ணோ, முந்திய குழந்தையை இழந்தவளோ கர்ப்பத்தை ஒளித்து வைப்பதற்குக் காரணம் ஊர்ப் பேச்சுக்கு அஞ்சுவதே.

நெய்தல்:

நான் அனலைதீவைச் சேர்ந்தவள். ஊர்காவற்றுறையிலிருந்து படகில் போய்வரும் தீவு அது. வேம்படி அம்மா எழுதியவை அனைத்தும் சரி. ஆனால் "36ஆம் வாரத்தில் போய் இரு" என்று சொல்வது எளிது, போய் இருப்பது எளிதன்று என்பதை ஒரு தாயாகச் சொல்ல விரும்புகிறேன்.

எனது இரண்டாவது பிரசவத்துக்கு நான் முன்கூட்டியே யாழ்ப்பாணத்துக்கு வந்து ஓர் உறவினர் வீட்டில் தங்கினேன். அவர்கள் நல்லவர்கள். இருந்தாலும் ஒரு மாதம் பிறர் வீட்டில், வீங்கிய கால்களோடு, அவர்களுடைய சமையலறையில் நின்று கொடுப்பதை வாங்கிச் சாப்பிடும்போது மனம் கூசியது. கணவர் கடலுக்குப் போகாவிட்டால் வருமானம் இல்லை. மூத்த பிள்ளையைத் தீவில் மாமியிடம் விட்டுவிட்டு வந்திருந்தேன். அவன் இரவில் அழுகிறான் என்று தொலைபேசியில் கேட்கும்போதெல்லாம் அடுத்த படகில் ஏறிவிடலாமா என்று தோன்றியது. அப்படி ஏறிப் போய்விட்ட பெண்களையும் எனக்குத் தெரியும். வைத்தியசாலையில் அவர்களைக் கடிந்துகொண்டார்கள். அவர்களுடைய வீட்டு நிலைமையை யாரும் கேட்கவில்லை.

ஆகவே சங்கம் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி மூத்த பிள்ளைகளைப் பற்றியது என்று நான் நினைக்கிறேன். பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போவது, மதியச் சோறு கொடுப்பது, மாலையில் தாயோடு பேச வைப்பது ஆகியவற்றை அயலில் உள்ள இரண்டு வீடுகள் பொறுப்பெடுத்தால் தாய் நிம்மதியாக இருப்பாள். தங்கும் வீட்டாருக்கு அரிசி, தேங்காய், கருவாடு என்று ஏதாவது கையோடு கொண்டுபோகச் சங்க நிதியிலிருந்து சிறு தொகை கொடுத்தாலும் பேருதவி. கர்ப்பவதிகளுக்குக் கிளினிக்கில் கொடுக்கும் திரிபோஷா என்னும் சத்துமாவையும் மறக்க வேண்டாம். மாதம் தோறும் அது எங்கள் சொந்தக் கிளினிக்கில்தான் கிடைக்கும். நான் தரைப்பகுதியில் இருந்த மாதம் எனக்குக் கிடைக்கவில்லை. பதிவேட்டைக் காட்டி வேறொருவர் வாங்கி அனுப்ப முடியுமா என்பதை உத்தியோகத்தரிடம் முன்னதாகவே கேட்டு வையுங்கள்.

கலங்கரை:

சமுதாய மருத்துவத் துறையில் பணியாற்றும் மருத்துவர் என்ற வகையில் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

நெய்தல் எழுதியது முக்கியமானது. உலகில் வேறு இடங்களிலும் இதே அனுபவம் பதிவாகியுள்ளது. கனடாவின் வடபகுதியில் இனுயிட் பெண்களை நீண்ட காலமாகப் பிரசவத்துக்கென விமானத்தில் தெற்கே அனுப்பி வந்தார்கள். குடும்பத்தை விட்டுத் தனியே, மொழி தெரியாத நகரத்தில், வாரக்கணக்கில் காத்திருப்பதன் துயரத்தை அப்பெண்களே எடுத்துரைத்ததன் விளைவாக, ஹட்சன் வளைகுடாக் கரையிலுள்ள புவிர்னிடுக் என்னும் ஊரில் 1986இல் உள்ளூர்ப் பெண்களையே மருத்துவிச்சிகளாகப் பயிற்றுவிக்கும் மகப்பேற்று நிலையம் ஒன்று தொடங்கப்பட்டது. கியூபாவோ வேறு வழியில் சென்றது: 1962 முதல், தொலைவிலுள்ள தாய்மார் பிரசவத்துக்கு முன் வந்து தங்குவதற்கென வைத்தியசாலைகளுக்கு அருகே தாய்மார் இல்லங்களை அமைத்தது. நெடுந்தீவுக்கு இவற்றுள் இரண்டாவது வழியே கூடுதலாகப் பொருந்தும் என்பது என் கருத்து. பிரசவத்துக்குப் பிந்திய பெருங்குருதிப்போக்கு எந்த ஆபத்துக் காரணியும் இல்லாத தாய்க்கும் வரலாம். குருதி ஏற்றும் வசதிக்கும் தாய்க்கும் நடுவே கடல் இருக்கக் கூடாது. ஆனால் துணைக்கு ஒருவரோடும், தங்க ஓர் இடத்தோடும் அனுப்ப வேண்டும். தனியே அனுப்புவதை அறிவுரை என்று நான் ஏற்கமாட்டேன்.

எல்லாரையும் ஒரே வாரத்தில் அனுப்பவும் தேவையில்லை. முன்னர் சத்திரசிகிச்சை மூலம் பிள்ளை பெற்றவர், இரட்டைக் கரு உள்ளவர், நச்சுக்கொடி கீழிறங்கியிருப்பதாக ஸ்கானில் கண்டவர், குருதி அமுக்கமோ இருதய நோயோ உள்ளவர், முந்திய பிரசவத்தில் அதிகம் குருதி இழந்தவர் ஆகியோரின் திகதியை நிபுணரே தீர்மானிக்க வேண்டும். அது 36 வாரத்துக்கு வெகு முன்னதாகவும் இருக்கலாம். ஏனையோருக்கு வேம்படி அம்மா சொன்ன நாட்காட்டி முறை போதுமானது. வைத்தியசாலைகளும் இதைக் கவனத்தில் எடுக்கலாம்: தீவிலிருந்து வரும் தாய்க்கு நிபுணர் கிளினிக், ஸ்கான், குருதிப் பரிசோதனை என்று மூன்று வெவ்வேறு நாள்களைக் கொடுப்பதற்குப் பதில் ஒரே நாளில் முடித்துக் கொடுத்தால் மூன்று கடற்பயணம் ஒன்றாகிவிடும். நீரிழிவுப் பரிசோதனையைப் பொறுத்தமட்டில், ஆய்வுகூடம் எட்டாத இடங்களில் விரல்நுனிக் குருதியைக் கையடக்கக் கருவியால் பார்ப்பதைச் சர்வதேச மகப்பேற்றியல் கூட்டமைப்பு 2015ஆம் ஆண்டு வழிகாட்டலிலேயே ஏற்றுக்கொண்டுள்ளது; ஆகவே தீவிலேயே செய்யும்படி கேட்பது நியாயமான கோரிக்கைதான்.

அடுத்தது தண்ணீர். தீவுக் கிணறுகள் பலவற்றில் நீர் உவர்ப்பானது. வங்காளதேசத்தின் தென்மேற்குக் கரையிலுள்ள தாக்கோப் பகுதியில் நடந்த ஆய்வுகளில், குடிநீரில் உப்பு கூடிய இடங்களில் கர்ப்பவதிகளிடையே உயர் குருதி அமுக்கமும் அதனோடு வரும் முன்வலிப்பு நிலையும் (வலிப்புக்கு இட்டுச் செல்லக்கூடிய ஆபத்தான நிலை) அதிகமாகக் காணப்பட்டன. குடிப்பதற்கு நல்ல தண்ணீர் எடுக்கிறோம் என்று சொல்லும் வீடுகளிலும் சோறு வடிக்கும் நீர், தேநீர் வைக்கும் நீர், கஞ்சிக்கான நீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டுப் பாருங்கள். கருவாடும் சேர்ந்தால் ஒரு நாளில் உடலுக்குள் போகும் உப்பு நாம் நினைப்பதைவிட அதிகம். நல்ல தண்ணீர் வரும் நாளில் கர்ப்பவதி இருக்கும் வீட்டுக்கு ஒரு குடம் முதலில் கொடுப்பதென்று சங்கம் முடிவெடுத்தால், அது மருத்துவ ரீதியாகவும் பெறுமதியான முடிவாகும்.

குருதி அமுக்கம் 140/90 அல்லது அதற்கு மேல் காட்டினால் உடனே வைத்தியரிடம் போக வேண்டும். கடும் தலைவலி, கண் மங்குதல், மேல்வயிற்று வலி, முகமும் கைகளும் திடீரென வீங்குதல் ஆகியவற்றுள் எதுவாயினும் கருவியில் அளந்து பார்க்கும்வரை காத்திருக்கக் கூடாது, அடுத்த கிளினிக் நாள்வரை பொறுக்கவும் கூடாது. முன்னர் முன்வலிப்பு வந்தவர்களுக்கும் வேறு சில ஆபத்துள்ளோருக்கும் 12ஆம் வாரத்திலிருந்து குறைந்த அளவு அஸ்பிரின் கொடுக்கப்படுகிறது. வைத்தியர் தீர்மானித்தால் மட்டுமே அதை எடுக்கலாம். பிந்திப் பதிந்தவருக்கு அந்த வாய்ப்பு அநேகமாகக் கைநழுவிப் போகிறது.

இரும்புச்சத்து மாத்திரையைப் பற்றி ஒரு வரி: அதைத் தேநீரோடு விழுங்கினால் உடலில் சேர்வது வெகுவாகக் குறையும். தேசிக்காய்த் தண்ணீரோடு எடுக்கலாம். கல்சியம் மாத்திரையை வேறு நேரத்தில் எடுக்க வேண்டும்.

பூவரசு:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. சோறு வடிக்கும் நீரைப் பற்றி நாங்கள் இதுவரை யோசிக்கவே இல்லை. எங்கள் வீட்டிலும் குடிப்பதற்கு மட்டும்தான் வெளியிலிருந்து தண்ணீர் எடுக்கிறோம். உலைக்குக் கிணற்று நீர்தான்.

தடுப்பூசியைப் பற்றியும் யாராவது எழுதுவீர்களா? தீவகத்தில் எனக்குத் தெரிந்த ஒரு தாய், காற்றினால் ஒரு கிளினிக்கைத் தவறவிட்டு அடுத்த வாரம் குழந்தையைக் கொண்டுபோனபோது, ஒரு பிள்ளைக்காக மருந்துக் குப்பியை உடைக்க முடியாது, அடுத்த மாதம் வாருங்கள் என்று சொல்லப்பட்டிருக்கிறார். அது சரியான நடைமுறைதானா? இன்னொரு தாய், இடைவெளி விட்டதால் முதல் ஊசியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டுமோ என்று பயந்து கொண்டுபோகாமலே இருக்கிறார்.

பனங்கூடல்:

பொதுச் சுகாதாரப் பரிசோதகராகத் தடுப்பூசிப் பெட்டியோடு படகில் போய்வந்த அனுபவத்திலிருந்து பதில் தருகிறேன்.

குப்பியை உடைக்கத் தயங்குவதற்குக் காரணம் உண்டு. 9ஆம் மாதத்திலும் 3 வயதிலும் போடப்படும் சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா ஊசி மருந்து பொடியாக வருகிறது. கரைத்த பின் 6 மணித்தியாலத்துக்குள் பாவித்து முடிக்க வேண்டும், மிஞ்சியதை எறிய வேண்டும். 10 பேருக்கான குப்பியை ஒரு பிள்ளைக்கு உடைத்தால் ஒன்பது பங்கு வீணாகும். இருந்தாலும், அந்தப் பிள்ளை ஊசியின்றித் திரும்புவதைவிட மருந்து வீணாவது மேல் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. இலங்கை 2019இல் சின்னமுத்து ஒழிக்கப்பட்ட நாடாக அறிவிக்கப்பட்டது. வெளியிலிருந்து ஒரு தொற்று வந்தால் முதலில் அகப்படுவது இப்படித் திருப்பி அனுப்பப்பட்ட பிள்ளைகளே. நீங்கள் சொன்ன அந்தத் தாய் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் பணிவாக, ஆனால் உறுதியாக, இதைக் கேட்கலாம்.

வீண் செலவைக் குறைக்கச் சங்கம் உதவ முடியும். 2, 4, 6 ஆகிய மாதங்களிலும், 9ஆம், 12ஆம், 18ஆம் மாதங்களிலும், 3 வயதிலும் 5 வயதிலும் ஊசி வருகிறது. அடுத்த மூன்று மாதத்தில் இவற்றுள் எது எந்தப் பிள்ளைக்கு வருகிறது என்பது பிள்ளையின் சுகாதார விருத்திப் பதிவேட்டில் இருக்கும். ஊசித் திகதி நெருங்கும் பிள்ளைகளை உத்தியோகத்தர் ஒரே கிளினிக் நாளுக்கு அழைக்கும்போது, வீட்டுக்கு வீடு போய் நினைவூட்டுவது உங்கள் பணியாக இருக்கலாம். காற்றுக் காலம் தொடங்குவதற்கு முந்திய கிளினிக்கில் ஒரு பிள்ளையும் விடுபடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

மருந்து கடல் தாண்டி வருவதில் உள்ள கவனத்தையும் தாய்மார் அறிந்திருப்பது நல்லது. 2 முதல் 8 பாகை செல்சியசுக்குள் அது இருக்க வேண்டும். வெயிலில் கெடும் என்பது எல்லாருக்கும் தெரியும். உறைந்தாலும் கெடும் என்பது பலருக்குத் தெரியாது. 2, 4, 6ஆம் மாதங்களில் போடும் ஐந்து நோய்த் தடுப்பூசி அத்தகையது. ஆகவே உறைகுளிர்ப் பெட்டியிலிருந்து எடுத்த பனிக்கட்டிப் பொதியை அப்படியே பெட்டிக்குள் வைக்க மாட்டோம். வெளியே சிறிது நேரம் வைத்து, குலுக்கும்போது உள்ளே நீர் அசையும் சத்தம் கேட்ட பிறகே வைப்போம். பெரும்பாலான குப்பிகளில் ஒரு வட்டமும் அதன் நடுவே ஒரு சதுரமும் இருக்கும். சதுரத்தின் நிறம் வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால் மருந்தைப் பாவிப்பதில்லை. படகு நடுக்கடலில் பிந்தினாலும், இறங்குதுறையில் வெயிலில் காத்திருந்தாலும் அந்தச் சதுரத்தைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறோம். விரும்பினால் தாயும் அதைக் காட்டும்படி கேட்கலாம்; யாரும் கோபிக்க மாட்டார்கள்.

பயந்து இருக்கும் தாயிடம் இன்றைக்கே சொல்லுங்கள்: இடைவெளி எவ்வளவு விட்டிருந்தாலும் மறுபடி தொடங்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பதிவேட்டையும் பிள்ளையையும் கொண்டு வருகிற அடுத்த கிளினிக் நாளே போதும். விடுபட்ட ஊசிகளை எந்த இடைவெளியில் போடுவது என்பதை அங்கே கணக்கிட்டு எழுதிக் கொடுப்பார்கள்.